வசைக்கு விழா

வசைச்சொல் ஒன்றை விழாவின் பெயராக அச்சிட்டு நுழைவுச்சீட்டு விற்றார்கள். எங்கோ மூலை முடுக்கில் அல்ல. இலண்டன் மாநகரின் ராயல் ஆல்பர்ட் அரங்கத்தில்! 2019ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 21ஆம் நாள், புரோம்ஸ் என்னும் கோடை இசைவிழாவின் 45ஆம் நிகழ்ச்சிக்கு அவர்கள் இட்ட பெயர், ‘மிசிசிப்பி காட்டேம் – நீனா சிமோனுக்கு ஓர் அஞ்சலி’ என்பது. ‘காட்டேம்’ என்பது ஆங்கிலம் பேசுவோர் ஆத்திரம் மிகும்போது உமிழும் சொல். ஆண்டவன் சாபம் உன்மேல் விழட்டும் என்பது அதன் பச்சைப் பொருள். ஆண்டவனிடத்திலும் நமக்கு நம்பிக்கை இல்லை, அவன் சாபத்திலும் இல்லை. எனினும் அந்தச் சொல்லை 1964இல் ஒரு கறுப்பினப் பெண் பியானோவின் முன் அமர்ந்து பாடியபோது எவரெவர் நெஞ்சு சுட்டது, எவரெவர் செவியைப் பொத்திக்கொண்டனர் என்பதை அறிந்துகொள்வது நமக்கு நல்லது.

அந்த அஞ்சலி நிகழ்ச்சிக்கு நான் போயிருந்தேன். பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஆசிரியப் பயிற்சியில் சேருமுன் கிடைத்த இடைவெளியில், இலண்டன் மருத்துவமனையொன்றில் செவிலியாகப் பணிபுரியும் அக்காவைக் காணச் சென்றிருந்தேன். வானூர்திக் கட்டணம் அக்கா கொடுத்தது. இரவுப்பணி இல்லாத ஒரு நாளில் எங்கே போகலாம் என்று அவள் கேட்க, நான் இந்த நிகழ்ச்சியைச் சொன்னேன். நீனா சிமோன் யார் என்று அவளுக்குத் தெரியாது. “நின்னுக்கிட்டே கேக்கணுமாம்டி, கால் வலிக்கும். ஏற்கெனவே பன்னிரண்டு மணி நேரம் நின்னுட்டு வந்திருக்கேன்” என்றாள். ஆனாலும் வந்தாள். ஆளுக்கு ஆறு பவுண்டு கொடுத்து, அரங்கின் நடுத்தரையில் நின்றோம்.

நின்று கேட்பது அங்கே இழிவன்று என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். விழாவின் உயிரே அதுதான். 1895இல் இராபர்ட் நியூமன் திட்டம் தீட்ட, ஹென்றி உட் இசைக்குழுவை நடத்த, குவீன்ஸ் அரங்கத்தில் இந்த விழா தொடங்கியபோது, சீமான்களின் பொழுதுபோக்காக இருந்த உயர்ந்த இசையைச் சாமானியரும் சல்லிக்காசில் கேட்கட்டும் என்பதே நோக்கமாயிருந்தது. நிற்கலாம், நடக்கலாம், தின்னலாம், புகைக்கவும் செய்யலாம். 1941இல் செருமானியர் குண்டு வீசி அந்த அரங்கத்தைப் பாழாக்கிய பிறகு விழா ஆல்பர்ட் அரங்கத்துக்குக் குடிபெயர்ந்தது. ஐயாயிரம் பேருக்கு மேல் கொள்ளும் அந்த அரங்கம் விக்டோரியா அரசியாரின் கணவர் பெயரால் 1871இல் திறக்கப்பட்டது. அரச குடும்பத்துக்கென ஒரு தனிமாடம். செல்வர்களுக்குச் செந்திரையிட்ட சிறு மாடங்கள். ஆனால் மேடைக்கு மிக அருகே, பாடுவோரின் முகத்தசை அசைவதைக் காணும் இடத்தில், 2019இல் ஆறு பவுண்டுக்காரர் நின்றனர்! நம் ஊர்ச் சபாக்களில் முன்வரிசை எவருக்கு ஒதுக்கப்படுகிறது என்பதை அறிந்தவர்களுக்கு இந்த ஏற்பாடு இனிக்கும்.

இசைக்குழுவுக்குப் பின்னால் ஹென்றி உட்டின் வெண்கலத் தலைச்சிலை ஒன்று வைக்கப்பட்டிருக்கிறது. இடிந்த குவீன்ஸ் அரங்கத்தின் இடிபாடுகளிலிருந்து மீட்டெடுத்த சிலை அது. விழாவின் கடைசி நாளில், நின்று கேட்போர் சார்பில் ஒருவர் ஏறி அதற்கு இலைமாலை சூட்டுவாராம். அக்கா அதைக் காட்டி, “இங்கேயும் மாலை போடுறாங்க பாரு” என்றாள். சிரித்தேன். ஆனால் அன்றைய நிகழ்ச்சி முழுவதும் அந்தச் சிரிப்பு என்னை விடவில்லை. அஞ்சலி என்று நாம் செய்வதில் எவ்வளவு மாலை, எவ்வளவு நினைவு?

பாட்டின் கதைக்கு வருவோம்.

1963ஆம் ஆண்டு சூன் 12. மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரம். கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று ஊர் ஊராகச் சென்று அமைப்புக் கட்டிய மெட்கர் எவர்ஸ், நள்ளிரவு கடந்து வீடு திரும்புகிறார். வாசலிலேயே முதுகில் சுட்டுக் கொல்லப்படுகிறார். கொலைகாரனை இரண்டு முறை விசாரித்தார்கள்; இரண்டு முறையும் வெள்ளையர் மட்டுமே இருந்த நடுவர் குழு முடிவுக்கு வர இயலவில்லை என்று கைவிரித்தது. தண்டனை எப்போது வந்தது தெரியுமா? 1994இல்! முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் கொலைக்கு அவன் தண்டனை பெறவில்லை.

அதே 1963, செப்டம்பர் 15. அலபாமா மாநிலத்தின் பர்மிங்காம் நகரில், ஞாயிற்றுக்கிழமைத் தொழுகைக்குத் தேவாலயம் வந்த நான்கு சிறுமிகள் வெடிகுண்டுக்குப் பலியானார்கள். மூவருக்கு வயது பதினான்கு, ஒருத்திக்குப் பதினொன்று. ஆண்டவன் வீட்டுக்குள்ளேயே பாதுகாப்பு இல்லை என்று நாம் எளிதில் எழுதிவிடலாம். எழுதினால் தவறில்லை. ஆனால் அன்று அந்தச் செய்தியைக் கேட்ட நீனா சிமோன், முதலில் எழுதவில்லை. வீட்டிலிருந்த கருவிகளை வாரிப் போட்டுக்கொண்டு, ஒரு துப்பாக்கி செய்ய முயன்றார்! கணவர் வந்து பார்த்து, கொல்வது உனக்குத் தெரியாத தொழில், உனக்குத் தெரிந்தது இசை என்றாராம். ஒரு மணி நேரத்துக்குள் பாட்டு பிறந்துவிட்டது. தம் வரலாற்று நூலில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

இந்தப் பாட்டின் அமைப்பை இசை அறிந்தோர் வியப்பர்; அறியாதோர் முதலில் ஏமாறுவர். மெட்டு துள்ளுகிறது. நாடகக் கொட்டகையில் திரை தூக்கியதும் ஆடிக்கொண்டு வரும் கூட்டத்துக்குப் போட்ட மெட்டைப் போல, சிரிப்பும் சிங்காரமுமாக இருக்கிறது. சொல்லோ கொள்ளிக்கட்டை. பொறுத்திரு, மெல்லப் போ, காலம் கனியட்டும் என்று கறுப்பின மக்களுக்கு அறிவுரை சொன்ன நல்லவர்கள் எல்லாரையும் அந்தப் பாட்டு ஒவ்வொருவராகப் பிடித்து உலுக்குகிறது. வெறியனைவிட, வெறியனைக் கண்டும் காணாமல் ‘அவசரப்படாதே’ என்று சொல்லும் நயத்தகு நாகரிகன்மீதுதான் அதற்குச் சினம் அதிகம்.

1964 மார்ச்சில் நியூயார்க்கின் கார்னகி அரங்கத்தில் அவர் அதைப் பாடிய ஒலிப்பதிவு இருக்கிறது. கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர். பாட்டின் பெயரைச் சொன்னதும் அரங்கம் சிரிக்கிறது. இது ஒரு நாடகப் பாட்டு, நாடகம்தான் இன்னும் எழுதப்படவில்லை என்ற பொருளில் நடுவே அவர் ஒரு பேச்சை வீசுகிறார், அதற்கும் சிரிப்பு. பிறகு சிரிப்பு தேய்கிறது. ஒரு கட்டத்தில் அரங்கில் மூச்சு விடும் ஓசை கூட இல்லை. ஐந்து மணித்துளிக்குள் ஒரு பெருங்கூட்டத்தின் முகத்தை மாற்றிய அந்தத் திறமைக்கு ஈடாக மேடைப் பேச்சு எதையும் என்னால் சொல்ல முடியவில்லை.

பாட்டு வெளிவந்தது, தென் மாநிலங்களில் தடுத்தார்கள். வசைச்சொல் ஆபாசம் என்பது சாக்கு. இசைத்தட்டின் உறையில் அந்தச் சொல்லை அச்சிட அஞ்சி, விண்மீன் குறியும் வியப்புக்குறியும் இட்டு மறைத்தனர். அனுப்பிய தட்டுகள் ஒவ்வொன்றும் இரண்டாக உடைக்கப்பட்டுப் பெட்டியோடு திரும்பி வந்ததை நீனா பின்னாளில் நினைவுகூர்ந்தார். குழந்தைகளைக் கொன்றது ஆபாசமாகப் படவில்லை. கொன்றவரைத் திட்டியது ஆபாசமாகப் பட்டது! 1965 மார்ச்சில் செல்மாவிலிருந்து மாண்ட்கோமரிக்கு வாக்குரிமை வேண்டி நடந்தவர்கள், நகருக்குள் நுழையும் முன்னிரவில் ஒரு வெளியில் தங்கினார்கள். சவப்பெட்டிகளின்மேல் பலகை பரப்பி அமைத்த மேடையில் ஏறி, அவர்களுக்காக நீனா அதே பாட்டைப் பாடினார்.

அந்தப் பாட்டைத்தான் 2019இல் ஆல்பர்ட் அரங்கம் தன் நிகழ்ச்சி ஏட்டின் தலைப்பாக, விண்மீன் குறி எதுவுமின்றி, முழு எழுத்தில் அச்சிட்டது. இதை நான் குறைத்துப் பேசமாட்டேன். அஞ்சலி செய்வோர் வழக்கமாகச் செய்வது வேறு. இறந்தவரின் இனிய பாட்டுகளைப் பொறுக்கி எடுத்து, கசந்தவற்றைக் காணாமல் போக்கி, எல்லார்க்கும் நல்லவராக அவரை இளைத்துப் போகச் செய்வார்கள். நீனாவுக்கும் அது செய்ய எளிது. விளம்பரங்களில் ஒலித்து உலகம் முழுவதும் முணுமுணுக்கப்படும் காதல் பாட்டுகள் அவருக்கு நிறைய உண்டு. அவற்றில் ஒன்றின் பெயரை இட்டிருந்தால் எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். விழா நடத்தியோர் வசையை எடுத்து வாசலில் வைத்தார்கள்.

பாடியவர்களும் பொருத்தமானவர்கள். நியூ ஆர்லியன்சில் பிறந்த லெடிசி. லாசார்வூ என்னும் மூவர் குழு. இவர்களோடு லிசா ஃபிஷர். இந்த ஃபிஷர் அம்மையார் கால் நூற்றாண்டுக் காலம் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் இசைப்பயணங்களில் பின்பாட்டுப் பாடியவர். பெரிய பெயர்களுக்குப் பின்னால் நின்று குரல் கொடுத்த கறுப்பினப் பெண்கள் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவர் முன்னே வந்து நின்றதே எனக்கு ஒரு செய்தியாகப் பட்டது. இசைக்குழு, நெதர்லாந்தில் 1945இல் தோன்றிய மெட்ரோபோல். நடத்தியவர் ஜூல்ஸ் பக்லி என்ற ஆங்கிலேயர். நரம்பிசையும் ஊதுகருவிகளும் சேர்ந்த பெரும்படை அது. தலைப்புப் பாட்டின் நாடகக்கொட்டகை மெட்டுக்கு ஊதுகருவிகளின் பகட்டு பொருந்தியே இருந்தது. என் அருகில் நின்ற வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அக்கா கால்வலியை மறந்துவிட்டாள்.

அப்படியானால் குறை என்ன? இரண்டு. முதலாவது, ஒரு பியானோ.

நீனா சிமோன் தம்மை ஒருநாளும் முதலில் பாடகி என்று எண்ணியவரல்லர். வட கரோலினாவின் டிரையன் என்னும் சிற்றூரில் 1933இல் யூனிஸ் வேமன் என்ற பெயரில் பிறந்தார். தாய் மதப் போதகர். பிள்ளைப் பருவத்திலேயே பியானோ கைவந்துவிட்டது. வெள்ளைக்கார ஆசிரியை ஒருவர் பாக் என்னும் செருமானிய இசைமேதையின் படைப்புகளைக் கற்பித்தார். ஊரார் நிதி திரட்டினர். (நிறவெறி நிலத்திலும் இப்படிச் சிலர் இருந்தனர் என்பதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது.) பத்துப் பன்னிரண்டு வயதில் முதல் அரங்கேற்றம். மகள் வாசிப்பதைக் கேட்க முன்வரிசையில் அமர்ந்த பெற்றோரை, வெள்ளையர்க்கு இடம் வேண்டும் என்று எழுப்பிப் பின்னுக்கு அனுப்பினார்கள். சிறுமி பியானோவின் முன் கையைக் கட்டிக்கொண்டாள். அவர்களை மீண்டும் முன்னே அமர்த்தினாலன்றி வாசிக்கமாட்டேன் என்றாள். அமர்த்தினார்கள், வாசித்தாள்.

தன்மானம் என்ற சொல்லுக்கு விளக்கம் தேடி நூல்களைப் புரட்டும் தோழர்கள் இந்த ஒரு காட்சியில் சற்று நின்று போகலாம்.

அமெரிக்காவின் முதல் கறுப்பினச் செவ்வியல் பியானோக் கலைஞராக வேண்டும் என்பது அவர் கனவு. 1951இல் பிலடெல்பியாவின் கர்ட்டிஸ் இசைக் கல்லூரிக்கு விண்ணப்பித்தார். இடம் மறுக்கப்பட்டது. தோலின் நிறமே காரணம் என்று வாழ்நாள் முழுவதும் நம்பினார். வயிற்றுப்பாட்டுக்காக 1954இல் அட்லாண்டிக் சிட்டியின் மதுக்கடை ஒன்றில் வாசிக்கப் போனார். பாடவும் வேண்டும் என்று கடைக்காரர் சொன்னதால்தான் பாடத் தொடங்கினார். மகள் ‘சாத்தானின் இசை’யை வாசிப்பது போதகராகிய தாய்க்குத் தெரியக்கூடாதே என்று பெயரை மாற்றிக்கொண்டார். ஆக, உலகம் கொண்டாடும் ‘நீனா சிமோன்’ என்ற பெயரே ஒருபுறம் நிறவெறிக்கும் மறுபுறம் மதத்துக்கும் அஞ்சி ஒளிந்த ஒரு பெண் போர்த்துக்கொண்ட போர்வை! ஆனால் விரல்கள் ஒளியவில்லை. முதல் இசைத்தட்டிலேயே, ஒரு சாதாரணக் காதல் பாட்டின் நடுவில் குரலை நிறுத்திவிட்டு, பாக் பாணியில் ஒரு கையை மறுகை துரத்திப் பிடிக்கும் பின்னலை வாசித்துக் காட்டினார். கல்லூரியின் கதவைக் கடைத்தெருவிலிருந்து தட்டிய ஓசை அது.

இப்போது சொல்லுங்கள். செவ்வியல் இசையின் திருக்கோயில் என்று மேலைநாட்டார் மதிக்கும் விழாவில், அந்த மேடை ஏறத் துடித்த பியானோக்காரிக்கு அஞ்சலி செய்யும்போது, எந்தக் கருவியை நடுவில் வைத்திருக்க வேண்டும்? அறிவிப்பில் இருந்தவை பாடகியர் பெயரும் இசைக்குழுவின் பெயரும்தான். பியானோவுக்கென முன்னிறுத்திய கலைஞர் ஒருவரும் இல்லை. இசைக்குழுவின் உள்ளே பியானோ ஒலித்தது. குரலுக்குத் துணையாக ஒலித்தது. குரல் கொடுத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கர்ட்டிஸ் கல்லூரி அன்று தள்ளியது அவர் குரலையன்று, விரல்களை. அந்தக் கடனைத் தீர்க்க வாய்ப்பிருந்த ஒரே இரவில், மதுக்கடைக்காரர் கேட்டதையே ஆல்பர்ட் அரங்கமும் கேட்டது: பாடு!

அந்தக் கல்லூரியின் கதையையும் முடித்துவிடுகிறேன். 2003 ஏப்ரல் 21ஆம் நாள் பிரான்சில் நீனா காலமானார். அதற்கு இரண்டே நாள் முன்பு கர்ட்டிஸ் கல்லூரி அவருக்கு மதிப்புறு பட்டம் வழங்கியது. 52 ஆண்டுகள் கழித்து, பியானோவைத் தொட இயலாத நோயாளிக்கு! கண் கெட்ட பிறகு சூரிய வணக்கம் என்று நம் பாட்டிமார் சொல்வது இதற்குத்தான். இங்கே கண் கெட்டது சூரியனுக்கு.

இரண்டாவது குறை மேடையில் இல்லை. கூட்டத்தில் இருந்தது. நானும் அதில் ஒருத்தி.

தலைப்புப் பாட்டு முடிந்ததும் அரங்கம் அதிர்ந்தது. மாடங்களில் இருந்தோர் எழுந்து நின்றனர். எவரைத் திட்டியதற்கு இந்தக் கைதட்டல்? மிசிசிப்பியை, அலபாமாவை, டென்னசியை. இலண்டனிலிருந்து கடல் கடந்து கிடக்கும் ஊர்கள்; அரை நூற்றாண்டுக்கு முந்தைய கொலைகள். அடுத்த வீட்டுத் திருடனைத் திட்டும்போது நம் கை எவ்வளவு தாராளமாகத் தட்டுகிறது! 1964இன் கார்னகி அரங்கில் சிரிப்பு உறைந்தது, பாட்டு அங்கிருந்தவர்களைச் சுட்டியதால். 2019இன் ஆல்பர்ட் அரங்கில் எவரும் உறையவில்லை. உறைய வைக்கும் பாட்டைக் கேட்டு மகிழ்ந்து வீடு திரும்பினோம்.

இது என் கற்பனைக் குற்றச்சாட்டு என்று எண்ணுவோர்க்கு அடுத்த ஆண்டே சான்று கிடைத்தது. அதே புரோம்ஸ் விழாவின் கடைசி இரவில் ஆண்டுதோறும் ஒரு நாட்டுப்பற்றுப் பாட்டு பாடப்படும். கடலை ஆள்வோம், நாங்கள் அடிமைகள் ஆகோம் என்று பெருமை பேசும் 1740ஆம் ஆண்டுப் பாட்டு. ஆங்கிலேயக் கப்பல்கள் ஆப்பிரிக்கரைச் சங்கிலியிட்டு ஏற்றிச் சென்றுகொண்டிருந்த காலத்தில் பிறந்தது! 2020இல் கொள்ளைநோயால் அரங்கில் கூட்டமில்லை. எனவே அந்தப் பாட்டைச் சொல் இன்றி இசையாக மட்டும் வாசிப்பதென்று பி.பி.சி. அறிவித்தது. அடிமை வாணிபத்தை நினைவூட்டும் சொற்கள் என்ற பேச்சும் அப்போது அடிபட்டது. எழுந்தது பார் கூக்குரல்! ஏடுகள் கொதித்தன, தலைமையமைச்சரே குரல் கொடுத்தார். செப்டம்பர் தொடக்கத்திலேயே அறிவிப்பு மாறியது, சொல்லோடு பாடினார்கள். மிசிசிப்பியின் பாவத்துக்கு எழுந்து நின்று கைதட்டிய அரங்கம், தன் வீட்டுப் பாட்டில் ஒரு சொல்லைக் கூட இழக்க முடியவில்லை.

நீ மட்டும் யார், என்று கேட்பீர்கள். கேட்க வேண்டும். நான் தட்டிய கையில் என் ஊர்ப் பள்ளிக்கூட நினைவு இருந்திருக்க வேண்டும், இருக்கவில்லை. எங்கள் மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைகள் மணிக்கட்டில் வண்ணக் கயிறு கட்டுவார்கள், சாதிக்கொரு நிறமாக. பந்து விளையாடும்போது எந்தக் கயிறு எந்தக் கயிற்றோடு சேரும் என்பது சிறுவர்களுக்குப் பாடநூலைவிட நன்றாகத் தெரியும். அதே 2019இல்தான் அந்தக் கயிறுகளைக் கண்டறிந்து தடுக்குமாறு தமிழகப் பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. எதிர்ப்புக் கிளம்பியதும் அது கிடப்பில் போனது. மெல்லப் போ என்று சொன்னவர்கள் இங்கேயும் நல்லவர்கள்தாம். படிக்கும்போது என் வகுப்பில் அந்தக் கயிறுகளைப் பார்த்து நான் ஒரு சொல்லும் சொன்னதில்லை. ஆறு பவுண்டு கொடுத்து, ஐயாயிரம் கல்லுக்கு அப்பால் நின்று, நிறவெறி ஒழிக என்று கை சிவக்கத் தட்டினேன்.

அப்படியானால் அஞ்சலியே வீண் என்கிறேனா? இல்லை. இரண்டு ஆண்டு கழித்து வேறோர் அஞ்சலியைத் திரையில் கண்டேன். 1969ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், மவுண்ட் மாரிஸ் பூங்காவில், ஆறு ஞாயிற்றுக்கிழமைகள் கட்டணமின்றி ஓர் இசைவிழா நடந்தது. மொத்தம் மூன்று இலட்சம் பேர் வந்ததாகக் கணக்கு. எல்லாவற்றையும் படம் பிடித்தார்கள், ஏறத்தாழ நாற்பது மணி நேரம். வாங்குவாரில்லை! அரை நூற்றாண்டு அந்தச் சுருள்கள் நிலவறையில் கிடந்தன. அதே கோடையில், அதே நாட்களில், வெள்ளை இளைஞர் திரண்ட உட்ஸ்டாக் விழாவின் படமோ உலகம் சுற்றியது. ஹார்லெம் சுருள்களை 2021இல் குவெஸ்ட்லவ் என்னும் இசைக்கலைஞர் தொகுத்து வெளியிட, மறு ஆண்டு அது ஆஸ்கர் பரிசு பெற்றது.

அந்த விழாவில் சூலை 13ஆம் நாள், மார்ட்டின் லூதர் கிங்குக்கு ஓர் அஞ்சலி. கிங் கொல்லப்பட்டு ஓராண்டு கடந்து மூன்று திங்கள். 1968 ஏப்ரல் 4 மாலை, சுடப்படுவதற்குச் சற்று முன், அன்றிரவுக் கூட்டத்தில் தமக்குப் பிடித்த பாட்டை வாசிக்குமாறு இசைவாணர் ஒருவரிடம் கிங் கேட்டிருந்தார். அந்தப் பாட்டைப் பாட மகலியா ஜாக்சன் அம்மையார் எழுந்தார், உடல்நலம் சரியில்லை, இளையவரான மேவிஸ் ஸ்டேபிள்சை அழைத்து நீ தொடங்கு என்றார். அவர் தொடங்க, இவர் வாங்க, ஒரே ஒலிவாங்கியை இருவரும் பகிர்ந்துகொள்ள, அது பாட்டாக நிற்கவில்லை, பிளிறலாயிற்று, ஒப்பாரியாயிற்று. அது தேவாலயப் பாட்டு, ஆண்டவனை நோக்கிக் கை நீட்டும் பாட்டு. நமக்கு அதில் உடன்பாடில்லை. வானத்தை நோக்கி நீண்ட கையை வானம் பிடித்ததாகச் செய்தி இல்லை. ஆனால் அந்தக் கையைப் பக்கத்திலிருந்த பெண்மணி பிடித்தாள். அது திரையில் தெரிகிறது. பாடியவர் வீட்டு இழவு அது. கேட்டவர் வீட்டு இழவும் அதுதான். தட்டிவிட்டுப் போக வந்தவர் அங்கே எவருமில்லை.

அதே விழாவில் ஆகஸ்டு 17ஆம் நாள் நீனா சிமோனும் வந்தார். ஆல்பர்ட் அரங்க நிகழ்ச்சிக்குச் சரியாக ஐம்பது ஆண்டும் நான்கு நாளும் முன்பு. மஞ்சள் வெயில்; தரையெல்லாம் பிள்ளைகள். இளமையும் திறமையும் கறுப்பு நிறமும் ஒருங்கே வாய்த்த பிள்ளைகளைப் போற்றும் தம் பாட்டை அவர்கள் முகத்தைப் பார்த்தே பாடினார். பியானோவின்முன் அமர்ந்து, தம் விரலாலேயே வாசித்து.

இந்தக் காட்சியைப் பார்த்த பிறகு, ஆல்பர்ட் அரங்க நிகழ்ச்சியைப் பற்றி என் மனத்தில் இருந்த மயக்கம் தெளிந்தது. அங்கே பாடியோர் குறைவைக்கவில்லை; வசையைத் தலைப்பாக்கிய துணிவும் பொய்யன்று. ஆனால் அஞ்சலி செலுத்துவோர் பட்ட கடனை ஒத்துக்கொள்ள வருகிறார்களா, கடன் தீர்ந்தது என்று எழுதி வாங்க வருகிறார்களா என்ற கேள்வி ஒன்று உண்டு. ஹார்லெம் பூங்காவில் எவரும் எழுதி வாங்கவில்லை. ஆல்பர்ட் அரங்கத்தை விட்டு வெளியேறியபோது, எல்லார் முகத்திலும், என் முகத்திலும், எழுதி வாங்கியவர்களின் நிம்மதி இருந்தது. பேருந்தில் அக்கா கேட்டாள்: “அந்தம்மா பியானோ வாசிப்பாங்கன்னு சொன்னியே, பியானோவை யாருமே பெரிசா வாசிக்கலையே?” இசை பயிலாத செவிலி ஒருத்தி, திறனாய்வாளர்க்கு வேலையே வைக்காமல் சொல்லிவிட்டாள்.

சென்ற ஆண்டு, தேர்வு முடிந்து பாடமில்லாத ஒரு பிற்பகலில், என் ஒன்பதாம் வகுப்புக்கு அந்தக் கார்னகி அரங்கப் பதிவைக் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். எவர்ஸ் யார், பர்மிங்காமில் நடந்தது என்ன என்று முதலில் கரும்பலகையில் எழுதிச் சொல்லியிருந்தேன். நான்கு சிறுமிகளின் வயதையும் எழுதியிருந்தேன். அந்த வகுப்பில் பெரும்பாலோர்க்குப் பதினான்கு வயது. பாட்டின் பெயரைச் சொன்னதும் பதிவில் அந்தச் சிரிப்பு எழுந்தது. முன்வரிசைப் பெண் ஒருத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

“குண்டு வச்சதைத்தானே பாடுறாங்க? அப்புறம் எதுக்கு டீச்சர் சிரிக்கிறாங்க?”

“இன்னும் கேளு” என்றேன். கடைசி வரிசையில் ஒருவன் சட்டைக் கையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டிருந்தான். பாட்டு ஓடியது.